காணாமல் போன ஐந்தடி பத்து அங்குலம்

17.7.2002, புதன்கிழமை. என் மகள் நித்யாவின் ஸ்கூல் டைரியில் கணக்கு மிஸ் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய குறிப்பு இது:

‘குடும்பத்தில் ஐந்து பேரின் உயரத்தை அங்குலமாக மாற்றி வரச் சொன்னேன். நித்யா முப்பத்தொரு ஆண்களின் உயரத்தை மாற்றி வந்திருக்கிறாள். விடைகள் சரி. இவர்கள் யார்?’

நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்டேன்.

“கல்பனா சித்தியோட மாப்பிள்ளைங்க” என்றாள், ஐந்தாம் வகுப்பு நித்யா.

பதறாதீர்கள்... விளக்குகிறேன். கல்பனா என் மனைவியின் தங்கை. பெங்களூர் ஆடுகோடியில் எங்களோடு தங்கி வேலைக்குப் போகிறாள். உயரம் ஐந்தடி எட்டு. மாப்பிள்ளை அவளைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும் — திருப்பத்தூரில் இருக்கும் என் மாமியாரின் ஒரே நிபந்தனை. அந்த ஓர் அங்குலத்தில் மூன்று வருடம் ஓடிவிட்டது.

வந்த வரன்களையெல்லாம் கல்பனாவின் தம்பி சுரேஷ் — வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் — கம்ப்யூட்டரில் ஏற்றி பிரின்ட் எடுத்திருந்தான். ஐந்தடி ஒன்பதுக்குக் குறைந்தவர்கள் மேல் சிவப்புக் கோடு. கோடு விழுந்தவர்களுக்கு ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று கடிதமும் போய்விட்டது. (உயரமோ, நிறமோ, சம்பளமோ... பழி ஜாதகத்தின் தலையில்தானே?)

அந்த பிரின்டைத்தான் நித்யா ஹோம்வொர்க்குக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“ஆனா ஒண்ணுப்பா... 5.9 இருக்காங்க, 5.11 இருக்காங்க. அஞ்சடி பத்தங்குலம் மட்டும் ஒருத்தர்கூட இல்ல. பெங்களூர்ல அந்த உயரத்துல யாருமே கிடையாதா?”

நான் லிஸ்டைப் பார்த்தேன். உண்மை! ஆனால் 5.1 என்று நான்கு பேர், நான்கு சிவப்புக் கோடு.

வந்த கடிதங்களைத் தேதிவாரியாக ஃபைல் போடுவது என் வியாதி. எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் கையெழுத்தில் தெளிவாக — 5.10.

நடந்தது இதுதான். சுரேஷ் சரியாகவே 5.10 என்று டைப் செய்திருக்கிறான். கம்ப்யூட்டருக்கு அங்குலம் தெரியாது. அதைத் தசமப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு, கடைசி சைபருக்கு மதிப்பில்லை என்று கழற்றிவிட்டது. 5.1 ஆகிவிட்டது. ஆளுக்கு ஒன்பது அங்குலம் காலி!

ஞாயிற்றுக்கிழமை சுரேஷ் வந்தான்.

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது மாமா” என்றான் என்னிடம்.

“அது பண்ணலடா, நீ பண்ணியிருக்கே” என்றாள் கல்பனா. “நாலு பேர் அஞ்சடி ஒண்ணுன்னு வந்தா சந்தேகம் வராதா?”

“ஒரே ஊர்க்காரங்களோன்னு நெனச்சேன்க்கா...”

கல்பனா ஃபைலிலிருந்து ஒரு ஃபோட்டோவை உருவினாள். வாசல்படியில் தலையைக் குனிந்தபடி நிற்கும் ஓர் ஆள். ரிச்சர்ட்ஸ் டவுன் விலாசம்.

“இதைப் பார்த்தப்பவே எனக்குப் பிடிச்சுது. அஞ்சடி ஒண்ணுன்னு நீ சொன்னதும், வாசல்தான் குட்டையோன்னு விட்டுட்டேன்.”

மூன்று வருடத்தில் அவள் ‘பிடிச்சுது’ என்று சொன்ன முதல் ஆள். அவருக்கு நாங்கள் அந்த ஜாதகக் கடிதம் அனுப்பி, என்னிடம் உள்ள நகலின்படி, சரியாக இரண்டு மாதம்.

“இப்ப என்னன்னு எழுதறது? ஜாதகம் திருந்திடுச்சுன்னா?” என்றான் சுரேஷ்.

“நீ எழுதினதெல்லாம் போதும்” என்று சொல்லிவிட்டு கல்பனாவே டெலிஃபோனை எடுத்தாள். எங்களுக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும்.

“நான் கல்பனா... ஆமா, அந்த ஜாதகம் பொருந்தாத கல்பனாதான். உங்களுக்கு வேற எங்கயாவது முடிஞ்சுடுச்சா? ... இல்லையா? அப்ப உங்க உயரம் சொல்லுங்க. அடி வேணாம், புள்ளி வேணாம், அங்குலத்துல சொல்லுங்க.”

நீண்ட இடைவெளி. அவர் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும்... பாவம்.

“எழுபதாம்!” என்றாள் எங்கள் பக்கம் திரும்பி.

“ஒரு கெஜம், ரெண்டு அடி, பத்து அங்குலம்!” என்று கத்தினாள் நித்யா. அந்த வாரம்தான் கெஜம் படித்திருந்தாள்.

யோசித்தால் நாம் விசித்திரமான ஜனங்கள்தான். துணியை மீட்டரில் கிழிக்கிறோம், மனையை அடியில் வாங்குகிறோம், மாப்பிள்ளையை மட்டும் அடி, அங்குலம், புள்ளி மூன்றையும் கலந்து எழுதுகிறோம். பன்னிரண்டு அங்குலம்தான் ஓர் அடி, பத்து அல்ல என்பது ஐந்தாம் வகுப்புக்குத் தெரிகிறது. பி.ஈ. படித்தவனுக்கு மறந்துவிடுகிறது!

மிஸ்ஸுக்கு டைரியில் பதில் எழுதினேன்: ‘முப்பத்தொரு பேரில் ஒருவர் குடும்பத்தில் சேரக்கூடும்.’

சேர்ந்துவிட்டார். போன தையில் கல்யாணம். மற்ற மூவருக்கும் மன்னிப்புக் கேட்டு நானே எழுதினேன், பதில் இல்லை.

ஒரே ஒரு விஷயம். கல்யாண ஃபோட்டோவில், மணவறையில் வெறுங்காலோடு நிற்கும் இருவரும் ஒரே உயரம் மாதிரித் தெரிகிறார்கள். கூச்சத்தில் கொஞ்சம் வளைந்து நிற்கிறார் என்கிறாள் கல்பனா. நித்யா ஸ்கேலோடு நெருங்கினால் சித்தப்பா சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார்.

எழுபது அங்குலம் என்பது அவர் டெலிஃபோனில் சொன்னது மட்டுமே. இன்றுவரை நான் சரிபார்க்கவில்லை — கல்பனா பார்க்க விடவில்லை.