குழந்தையை விட்டுவிட்டு வா

பிரிகிற தம்பதியின் குழந்தை தாயோடுதான் போகும், அது ஊருலகத்துக்கே பொதுவான நியாயம் என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பதை நெருங்கும் மனிதன், அதிலும் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களில் யாராவது இதே குழியை நோக்கி நடந்துகொண்டிருக்கலாம்.

குற்றத்தில் திருவனந்தபுரத்துக்கும் கொஞ்சம் பங்குண்டு. வஞ்சியூரில் எங்கள் ஆபீசுக்கு நாயர் தம்பதிகள் வருவார்கள். நான் விடுதலைப் பத்திரம் எழுதுவேன், இருவரும் கையெழுத்திடுவார்கள், ரிஜிஸ்தர் ஆனதும் கல்யாணம் தீர்ந்தது. ஒருவர், மை காயுமுன்னே தன் குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டு போனார். குழந்தைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் முன்பும் தாய்வழிக் குடும்ப வீடான தறவாட்டில் இருந்தவர்கள், பின்பும் அங்கேதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண் வாழாமல் திரும்பினால் எழவு விழுந்ததுபோல் தெருவே கூடும். இங்கேயோ காரியம் முடிந்ததும் காப்பி குடிக்கப் போகிறார்கள். இருபது வருஷம் இதையே நகலெடுத்ததில் இவ்வூர் வழக்கம் என் கைவழியாகத் தலைக்கு ஏறிவிட்டது.

அப்போதுதான் அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் கோமதியின் கடிதம் வந்தது. புருஷன் அடிக்கிறான், இனி பொறுக்க முடியாது, வந்துவிடுகிறேன். ஆனால் வடிவை விடமாட்டோம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். வடிவு அவளுடைய மூன்று வயதுக் குழந்தை. நான் அன்றைக்கே பதில் போட்டேன். ‘சண்டை வேண்டாம். குழந்தையை விட்டுவிட்டு நீ முதலில் வா. சட்டப்படி குழந்தை நம்முடையது.’ ‘சட்டப்படி’க்குக் கீழே கோடு வேறு இழுத்தேன்.

கோமதி வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்கு நான் எழுதிவைத்த நோட்டீஸை எங்கள் வக்கீல் நாயரிடம் பெருமையோடு காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளே, இது இவிடத்தெ வழக்கம். நிங்ஙளுடெ நாட்டில் குட்டி அச்சன்றெயல்லே?”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் குழந்தை தகப்பனுக்கே உரியது, எங்கள் பெண்களுக்கு விடுதலைப் பத்திரம் என்பதே கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். நான் மேல்துண்டைக்கூட எடுக்காமல் பழவங்காடிக் கோயிலுக்கு ஓடினேன். பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைக்கப்போய், பத்தை உடைத்து, பதினொன்றாவதைக் கால்விரலில் போட்டுக்கொண்டு நொண்டியபடி வீடு வந்தேன்.

“ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுற ஆளு,” என்றாள் என் மனைவி தங்கம். “நம்ம ஊரு நடப்பு மறந்து போச்சாக்கும்?”

கோமதி ஏசவில்லை. “ஒங்க காயிதத்த நம்பித்தான்ப்பா, மத்தியானம் அவள உறங்க வச்சுட்டு வந்தேன்.”

மறுநாள் அவளும் நானும் ரெயிலேறினோம். மாப்பிள்ளையிடம் பேசவேண்டிய வீர வசனங்களைச் செங்கோட்டை மலைக் குகைகளை ரெயில் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் என் வாயில் வந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்பதுதான். மூன்று செம்பு குடித்தேன். கதவுக்குப் பின்னால் நின்ற வடிவு, தாயைப் பார்த்தும் அசையாமல் தகப்பன் முகத்தைப் பார்த்தாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“புள்ள எங்கயும் வராது, மாமா. பெத்தவளுக்கு வேணும்னா உள்ள வரட்டும்.”

ஆகவே பிரிய நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பிழைக்கிற ஊரின் நியாயத்தை நம்பாதீர்கள். உங்கள் கல்யாணத்தை எந்த ஊர் வழக்கு ஆள்கிறதோ, அந்த ஊர் வக்கீலிடம் கேளுங்கள். குழந்தை யாரிடம் வளரும், மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்று பேசி முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். பேச்சுக்கு இடமில்லை, அடிதான் என்றால் பெட்டி கிடக்கட்டும், குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். தகப்பன்மார்களே, மகளுக்கு எழுதுமுன் தெரிந்தவரை விசாரியுங்கள். கடிதம் ஒருநாள் பிந்திப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

திரும்பும்போது செங்கோட்டையில் திருவிதாங்கூர் சுங்கக்காரர் வண்டியில் ஏறினார். பிரிட்டிஷ் சீமையிலிருந்து ஏதாவது கொண்டுவருகிறீரா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கோமதி அங்கேயே இருந்துவிட்டாள்.