வெள்ளம் கேட்டு

எங்கள் சபையில் சாவுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது. கண்ணீர் விடலாம், சத்தம் போடக் கூடாது. மாரில் அடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பாடுவது அஞ்ஞானிகளின் வழக்கம் என்று பாட்டன் காலத்திலேயே விலக்கிவிட்டார்கள். மீறியவளை ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஜெபம் செய்வார்கள். பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கும்போது எவள் சத்தத்தை அளந்து அழுவாள்? இந்தச் சட்டம் போட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன். ஆனால் பாட்டுப் பாடலாம். பல்லவி, சரணம் என்று ஒழுங்குபடுத்தி மெட்டில் வைத்துவிட்டால் அதே அழுகை கீர்த்தனை ஆகிவிடும், தடையில்லை. நேசம்மாள் பாட்டுக்காரி ஆனது இந்தச் சந்து வழியாகத்தான்.

அவளுடைய புருஷன் ஞானையன் பனையேறி. திருவட்டாற்றுக்கு மேற்கே ஒரு விளையில், பனந்தோப்புக்குள், குடிசை. அவன் இறக்கிக் கொடுக்கும் அக்கானியை, பதநீரை, நாளெல்லாம் அடுப்பில் காய்ச்சி, துடுப்பால் கிண்டிக் கருப்பட்டியாக்குவது அவள் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்திருந்தாள். வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் தடங்கலில்லாமல் வாசிப்பாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பூங்கனி.

1927 பங்குனியில் எங்கள் பக்கம் பேதி வந்தது. பேதிக்காரருக்குக் குடிக்க வெள்ளம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உயிர் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். பூங்கனிக்கு விடியும்போது கண்டது, உச்சிக்குள் கண் குழிந்துவிட்டது.

“அம்மா, வெள்ளம்” என்றது பிள்ளை.

ஞானையன் பானையைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தான்.

“ஏட்டி, ஒரு சொட்டு குடுக்கப்பிடாது, கேட்டியா? குடுத்தா பிள்ள போயிரும்.”

அவள் கொடுக்கவில்லை. பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கச் சத்தம் இல்லாமல் போனபிறகு உதடு மட்டும் அசைந்தது. வெயில் தாழுமுன் போய்விட்டது.

தொற்றுக்குப் பயந்து யாரும் வரவில்லை. ஞானையன்தான் குழி வெட்டினான். உபதேசியார் ரசலையன் தள்ளி நின்று ஜெபத்தை முடித்தார். கிழக்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்கள் சபைக்கு ஊழியத்துக்கு வந்தவர், கெட்ட மனுஷன் இல்லை. மண் போடும்போது நேசம்மாள் வாயைத் திறந்தாள். “வேண்டாம் நேசம்மா” என்று கையைக் காட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பாட்டுப் பாடவும் ஆள் இல்லை. ஒரு நாயைப் புதைப்பதுபோல் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த பேதிக் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மாள் வந்து எங்கள் சபைக் கோயிலில் வைத்துப் பேசினாள். கொதிக்கவைத்து ஆறவைத்த வெள்ளத்தில் உப்புப் போட்டு நிறையக் கொடுங்கள், கொடுக்காவிட்டால்தான் சாவு என்றாள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேசம்மாள் அன்று வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டவில்லை. ஆண்கள் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டிருந்த ஞானையனும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அன்றுமுதல் அவளுக்கு ஒரே ஒரு காரியம் வேண்டியிருந்தது. பிள்ளை கேட்டதையும் தான் கொடுக்காததையும் சபை நடுவில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி அழ வழியில்லை. பாடித்தான் சொல்ல வேண்டும்.

பாட்டுக் கட்ட அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? பாட்டுப்புத்தகத்தை அடுப்படியில் விரித்து வைத்துக்கொண்டு, துடுப்பைக் கிண்டியபடியே ஒவ்வொரு கீர்த்தனையாகப் பிய்த்துப் பார்த்தாள். துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஓர் அடி முடிய வேண்டும் என்று கண்டுகொண்டாள். அடிக்கு அடி இரண்டாம் எழுத்து ஒத்துவருவதை அதன்பிறகு கண்டுகொண்டாள். இதை உபதேசியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார்.

“அதுக்கு எதுகைன்னு பேரு, நேசம்மா. இலக்கணத்துல உண்டு.”

“பேரு என்ன எளவோ ஐயா, அது இல்லேண்ணா காது ஒத்துக்கமாட்டேங்குது.”

முதலில் அவள் கட்டியது பனையிலிருந்து விழுந்து செத்த செல்வனுக்கு. அவனுடைய நல்ல குணத்தில் ஒன்றையும் விடக் கூடாது என்று, அடி கொள்ளாமல் வார்த்தையை அடைத்து வைத்திருந்தாள். வீட்டில் பாடும்போது தெரியவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தெரிந்தது. தூக்குகிறவர்கள் பாட்டுக்குத்தான் கால் வைப்பார்கள். பாட்டு ஓரிடத்தில் ஓடியது, ஓரிடத்தில் நின்றது, கால்களும் அப்படியே செய்தன. ஓடை வரம்பில் முன்னால் போனவன் இடற, பெட்டி சரிந்து, செல்வன் இரண்டாவது தடவை விழப்பார்த்தான்.

“பாட்ட நிறுத்துங்க! மனுஷன கொண்டு சேக்க விடுங்க!” என்று தூக்கினவர்கள் கத்தினார்கள்.

நேசம்மாளுக்கு மானமே போயிற்று. ஆனால் பாடம் படிந்தது. அதன்பிறகு அவள் விளையைச் சுற்றிப் பாரம் தூக்குகிறவர்கள்போல் நடந்து பார்த்து, கால் நிற்கிற இடத்தில்தான் அடியை முடித்தாள். குணநலன்களையெல்லாம் தள்ளினாள். சாவு வீட்டில் போய் உட்கார்ந்து ஒன்றுதான் கேட்பாள்: “கடைசியா என்ன கேட்டாவ?” கஞ்சி கேட்டவர்கள் உண்டு, வெளியூரில் இருக்கும் மகனைக் கேட்டவர்கள் உண்டு. அந்த ஒன்றைப் பல்லவியில் வைத்துவிடுவாள். குழி வெட்டி முடிவதற்குள் பாட்டு முடிந்துவிடும். கேட்டவர்கள் சத்தம் வராமல் தேம்பினார்கள், சட்டத்துக்குள்ளேயே. கொஞ்ச வருஷத்தில் சாவு வீட்டுக்காரர்கள் உபதேசியாருக்கு ஆள் விடும்போதே அவளுக்கும் ஆள் விட்டார்கள். நல்ல நாளில் மட்டும் யாரும் கூப்பிடமாட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் அவளைக் கண்டால் முகம் சுளித்தார்கள். மனுஷர் புத்தி அப்படி.

ஊரார் பிள்ளைக்கெல்லாம் வந்த பாட்டு பூங்கனிக்கு வர மாட்டேன் என்றது. எத்தனையோ கட்டி அழித்தாள். எல்லாவற்றிலும் மோட்சம் வந்தது, தேவதூதர் வந்தார்கள், தான் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் மற்றவர்களிடம் கேட்கும் கேள்வியைத் தன்னிடமே கேட்டாள். துடுப்பு சுற்றச் சுற்ற நாலு அடியும் வரிசையாக வந்துவிட்டன.

வெள்ளம் கேட்டு அழுதாயே
உள்ளம் கல்லாய் இருந்தேனே
பள்ளம் தோண்டிப் புதைத்தேனே
கள்ளம் எங்கே ஒளிப்பேனோ

அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துக் கருகிப்போயிற்று. அவள் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சபைகளுக்கெல்லாம் புதுப் பாட்டுப்புத்தகம் ஒன்று அச்சிடப் போவதாகப் பேச்சு வந்தது. சரிபார்க்கிறவர் மதுரைப் பக்கத்துப் புலவர் ஒருவர். ரசலையன் உபதேசியார் பாட்டை எழுதியெடுத்தார். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சொன்னார்:

“நேசம்மா, வெள்ளம்னா இங்கதான் குடிக்கிற தண்ணி. அங்க ஆத்துல பெருகி வர்ற வெள்ளம். தண்ணீர்னு மாத்திருவோமா?”

“எனக்க பிள்ள தண்ணீருண்ணு கேக்கல்ல ஐயா.”

“படிக்கிறவங்களுக்கு வெளங்காதே?”

“கேட்டு அழுதாண்ணு இருக்குல்லா? ஆத்து வெள்ளத்த எந்தப் பிள்ளயாவது கேட்டு அழுமா?”

அது சரிதான் என்று அவருக்கும் பட்டது. அப்படியே அனுப்பினார். இரண்டு பேருமே புலவர்களை அறியாதவர்கள்.

1934ல் புத்தகம் வந்தது. பாட்டுக்குமேல் ‘பெருவெள்ளத்தில் மாண்ட பிள்ளைக்காகத் தாய் புலம்பல்’ என்று தலைப்பு இருந்தது. 1924ல் எங்கள் திருவிதாங்கூர்ச் சீமையை மூழ்கடித்த வெள்ளத்தைப் புலவர் மறந்திருக்கவில்லை. பிள்ளை வெள்ளத்தைக் கேட்டு அழாது என்பது அவருக்கும் விளங்கியிருக்கிறது. ஆகவே திருத்தியிருந்தார்.

வெள்ளம் கண்டு அழுதாயே
உள்ளம் கரைய நின்றேனே
பள்ளம் எல்லாம் நிறைந்ததுவே
வள்ளம் இன்றித் தவித்தேனே

படகுக்கு வள்ளம் என்று போட்டிருந்ததால் எதுகை எங்கும் பிசகவில்லை. தாகத்தால் செத்த பிள்ளையை வெள்ளத்தில் முக்கிக் கொன்றுவிட்டு, எதுகையைக் காப்பாற்றிவிட்டார் மனுஷன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

நேசம்மாள் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்போல் மெல்ல வாசித்தாள். உபதேசியாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “எழுதிக் கேக்கலாம், அடுத்த அச்சுல...” என்று இழுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை புதுப் புத்தகத்தைத் திறந்தது. நம்ம ஊர்க்காரி பாட்டு அச்சில் வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் பெருமை, முதலில் அதையே பாடினார்கள். நேசம்மாள் பெண்கள் பக்கத்தில் நின்று தன் வார்த்தையைப் பாடினாள். “கேட்டு” என்றாள். சுற்றியிருந்தவர்கள் “கண்டு” என்றார்கள். மறுபடி பல்லவி வந்தபோது இன்னும் உரக்க “கேட்டு” என்றாள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பியது. கோயிலில் வாயே திறக்காத ஞானையன். எழுத்துத் தெரியாதவன், மற்றவர்கள் பாடுவதைக் காதால் பிடித்துக்கொண்டு, “வெள்ளம் கண்டு அழுதாயே” என்று பாடினான். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அழாதவன் இப்போது கண்ணீர் தாடியில் வழிய நின்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஓடை வரம்பில் அவள் நின்றாள்.

“பிள்ள வெள்ளம் கேட்டது ஒங்களுக்கு ஓர்மையில்லியா?”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓர்மை உண்டு” என்றான். “பானைய வெளிய கொண்டு வச்சது நான்லா? அதுனாலதான் கண்டுண்ணு பாடினேன்.”

அதன்பிறகும் சபையில் அந்தப் பாட்டைப் பலமுறை பாடினார்கள். நேசம்மாள் எல்லோரோடும் எழுந்து நிற்பாள், மற்ற அடிகளையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே பாடுவாள். முதல் அடி வரும்போது மட்டும், கேட்டு என்றும் பாடாமல் கண்டு என்றும் பாடாமல், வாயை மூடிக்கொள்வாள்.