நாலு-பி, நாலு-சி

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் கடைசியில். அதில் பட்டியலுக்கு எண்களையும் எழுத்துகளையும் நாம் அடிக்க வேண்டியதில்லை. பட்டியல் தொடங்கும் இடத்தில் ஒரு கட்டளை, முடியும் இடத்தில் ஒரு கட்டளை. ஏ, பி, சி எல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் வந்தால் மட்டும் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கும்தான்.

அந்த மழைக்காலத்தில் கம்பெனியின் பழைய பண்டகசாலையை மூடப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. யூனியனோடு ஒப்பந்தம் ஆகும் முன்பே வாசலில் புதுப் பூட்டு தொங்கியது. அங்கே சுக்கு பொறுக்கிய ஒன்பது பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. யூனியன் மன்றாடி வாங்கியது ஒன்றே ஒன்று: அந்த ஒன்பது பேருக்கு மட்டும் பக்கத்தில் தோப்பும்படியில் இருந்த கம்பெனிக் கிடங்கில் வேலை தொடரும்.

ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டியவள் நான். நாலாவது பிரிவில் ஆட்களின் பட்டியல்: ‘ஏ’ காவல்காரர்கள், ‘பி’ சுக்குப் பெண்கள், ‘சி’ சாக்கு தைப்பவர்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: நாலு-பியில் உள்ளவர்கள் மட்டும் வேலையில் தொடர்வார்கள்.

அச்செடுத்துப் பார்த்தால், காவல்காரர்களில் கடைசி ஆள் தன் பட்டியலை விட்டுக் கழன்று, ‘பி’ என்று தனியாக நிற்கிறார். அம்மாவும் மற்றவர்களும் ‘சி’ ஆகியிருந்தார்கள். எங்கே பிசகு என்று தேடினேன், கிடைக்கவில்லை. மத்தியானம் கையெழுத்துப் போட ஆள் வரும் என்று மேனேஜர் தலைக்கு மேல் நின்றார். சரி, தொலையட்டும் என்று கடைசிப் பக்கத்தில் ‘பி’யை ‘சி’யாக மாற்றி, அச்செடுத்து மேஜை மேல் வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் பிடிவாதம் விடுமா? ஒரு பெட்டி என்னை ஏய்த்துவிட்டதே என்று சோறு இறங்கவில்லை. பாத்திரத்தை மூடிவிட்டு வரி வரியாகப் பார்த்தேன். காவல்காரர் பட்டியலை முடிக்கும் கட்டளையை ஒரு வரி முன்னாலேயே போட்டுத் தொலைத்திருக்கிறேன். கீழே இறக்கினேன். அந்த ஆள் சமர்த்தாக உள்ளே போனார். அம்மா ‘பி’க்குத் திரும்பினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எடுத்துச் சேர்த்தேன். கடைசிப் பக்கம்தான் ஏற்கெனவே தயாராக இருந்ததே.

யூனியன் தலைவர் வந்தார்; எங்கள் எல்லாருக்கும் அவர் சேட்டன், அண்ணன். எங்களைப் போலத் தமிழ் பேசும் குடும்பம். எதையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். மேனேஜர் பேனாவை நீட்டினார். சேட்டன் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இவளோட அம்மையும் அதுல உண்டு சாரே. இவ தெற்றா அடிப்பாளா? எங்க ஒப்பிடணும், காட்டு மோளே.”

விரலை வைத்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை பண்டகசாலை வாசலில், வேலை தொடர்பவர்களின் பெயரை வாசித்தார்கள். சாக்கு தைக்கும் நாலு பேர். அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் புரியும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது: கடைசிப் பக்கத்தில் நான் மாற்றிய ‘சி’ அப்படியே நின்றுவிட்டது. ஓடிப்போய், தப்பு என்னுடையது சார் என்று மேனேஜரிடம் அழுதேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றார். ஒன்பது பேருக்குப் பதில் நாலு பேர், அவருக்கென்ன கசக்குமா? பாவி, அன்றைக்கே கவனித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வாசலில் ஒன்பது பேரும் நின்றார்கள். அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

“நீதானே மோளே அடிச்சது?”

ஆமாம் என்றேன். மற்ற எட்டுப் பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் முந்தானையை உதறிக்கொண்டு அவர்களோடு நடந்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்தால், நான் அடுக்களையில் இருக்கும்போதே, அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள், படித்துச் சொல்லச் சொல்லி.