பங்குக் கிணறும் அமைதிப் படையும்

சூடேறிய வார்னிஷ் வாசம் எங்கே அடித்தாலும் எனக்குத் தொண்ணூறுகளின் கோவை சிங்காநல்லூர் பட்டறைதான் ஞாபகம். மோட்டார் வைண்டிங் என் தொழில்.

ஒரு காலையில் கிணத்துக்கடவிலிருந்து கருகிய மோட்டாரோடு ஒரு தம்பதி வந்தார்கள். பழனிசாமி ராணுவத்தில் ஹவில்தார். ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஐ.நா. அமைதிப் படைக்குப் பேர் கொடுத்திருந்தார். வரும் வழியில்தான் அதை மனைவி சரஸ்வதியிடம் சொல்லியிருக்கிறார்.

"ஊரான் சண்டைக்கு நீங்க எதுக்குங்க போகோணும்?"

"நாட்டுக்கு ஒரு பேரு அம்மணி."

"அந்தப் பேரு வந்து தக்காளிக்குத் தண்ணி கட்டுமா?"

"நீ வேண்டாம்னு சொல்லு. பேர எடுத்துக்கறேன்" என்றார் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் காயிலைப் பிரித்தபடி பேச்சை மாற்றினேன். "தண்ணியில்லாம ஓடியிருக்குதுங்களே?"

பங்குக் கிணறு. இவர்களுக்கு ஒரு மோட்டார், பழனிசாமியின் தம்பிக்கு ஒன்று. கரண்ட் வந்ததும் முறை பார்க்காமல் இரண்டையும் போட்டிருக்கிறார்கள். கிணறு வற்றியும் முதலில் நிறுத்த யாருக்கும் மனமில்லை.

"இப்ப ரெண்டு மோட்டாருக்கும் கரண்ட் குடுக்கற பீஸ் கட்டையக் கழட்டி, பக்கத்துத் தோட்டத்து ராமசாமி அண்ணங்கிட்டக் குடுத்துட்டமுங்க. யாரு முறையோ அவங்களுக்குத்தான் குடுப்பாரு" என்றார் சரஸ்வதி.

எனக்குக் குறுகுறுத்தது. "ஏனுங்க அவரு? பெரிய தோட்டக்காரரு யாரும் இல்லீங்களா?"

"பெரிய தோட்டக்காரருன்னா கிணத்தையே வெலைக்குக் கேப்பாருங்க பாய். ஒண்ணுமில்லாதவங்கன்னா கொழுந்தனாரு கட்டையப் புடுங்கிக்குவாரு. ராமசாமி அண்ணன் எங்களாட்டம் மூணு ஏக்கராக்காரருங்க."

"அவருக்கு இதுல என்ன கெடைக்குது?"

"மொத நாளே கொழுந்தனாரு அவரு சட்டையப் புடிச்சுப்போட்டாருங்க. ஆனா ஊர்ல எந்தப் பேச்சுன்னாலும் அவர ஒரு வார்த்த கேக்காம முடிக்கறதில்ல. நாளைக்கு அவரு வாய்க்கால்ல ஒருத்தன் மண்ணப் போட்டா, நாங்கதானுங்க போய் நிக்கோணும்..."

பாதியில் நிறுத்தினார். கணவரைப் பார்த்தார். பழனிசாமி குனிந்து கருகிய காயிலைப் பார்க்க ஆரம்பித்தார். புத்திசாலி.

வல்லரசும் அல்லாத, ஒன்றுமில்லாததும் அல்லாத ஒரு நாடு அடுத்தவர் சண்டைக்கு நடுவே ஏன் ஆள் அனுப்புகிறது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அந்தக் காலைதான் எனக்கு விளக்கம். நல்ல மனசும் உண்டு, நாளைய கணக்கும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. மதிப்பு நாட்டுக்கு வரும். பிடிபடும் சட்டை மட்டும் ஒரு தனி ஆளுடையது. அதனால் வீட்டில் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை என்று கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மோட்டாரை டெம்போவில் ஏற்றினோம். பழனிசாமி முன்சீட்டில் உட்கார்ந்து, கேட்காமல் கேட்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

"பேர எடுக்க வேண்டாமுங்க" என்றார் சரஸ்வதி. "ஆனா வாரம் ஒரு கடுதாசி வரோணும். வரலீன்னா நானே அங்க வந்து கூட்டியாந்துருவேன்."