டிஸ்கஸ் மீனுக்கு இருபத்தொன்பது பாகை

கண்ணாடித் தொட்டியில் டிஸ்கஸ் மீன் குஞ்சு வளர்க்க, தண்ணீர் இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட பாகையில் இருக்க வேண்டும். தம்பியும் நானும் இருபத்தொன்பதைத் தெரிவுசெய்தோம். அதற்கு மேலே போகப்போகத் தண்ணீரில் காற்றுக் குறையும். கீழே இறங்கினால் மீன் கறுத்து, மூலையில் ஒதுங்கித் தீன் எடுக்காது. வெப்பமானியைக் காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூன்று தரம் பார்த்துக் கொப்பியில் எழுதுவது என் வேலை. எழுதுவது எனக்குப் பழகிய காரியம். இடம்பெயர்ந்த காலத்திலும் மழை பெய்த நாட்களைக் குறித்து வைத்தவன் நான்.

தம்பி தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது பக்கத்து ஊரில் அலங்கார மீன் வளர்ப்பவர் ஒருவரிடம் பல வருடம் வேலை செய்தவன். சண்டை முடிந்து அவன் தனியாகத்தான் எங்கள் தீவுக்குத் திரும்பி வந்தான். மனைவியும் மகளும் முகாமிலேயே நின்றார்கள். ‘அங்க வந்து என்னத்தைத் தின்னுறது? ஒரு தொழிலைக் காட்டுங்கோ, வாறன்’ என்று மனைவி சொல்லியிருந்தாள். திரும்புவோர் பட்டியலில் பெயர் கொடுக்கத் தை மாதக் கடைசி வரை அவளுக்கு அவகாசம் இருந்தது. கொழும்பில் இருந்து பேருந்தில், சூடு தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துத் தம்பி கொண்டுவந்த ஒரு சோடி டிஸ்கஸ்தான் அவன் காட்டக்கூடிய தொழில். ஒரு ஈடு குஞ்சு தப்பினால் வாங்க ஆள் இருந்தது.

ஊரில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மீனுக்குத் தண்ணீர் சூடாக்குகிறவனை அவர்கள் சும்மா விடுவார்களா?

“என்ன டொக்டர், உங்கட மீனுக்குக் காய்ச்சல் எப்பிடி?” என்பார்கள். “நாங்களும் மீனைச் சூடாக்கிறனாங்கள்தான். புளி விட்டு.”

தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் முகம் சுருங்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் டிஸ்கஸ் முட்டையிட்டாலும் பொரிக்காது. தகரக் கூரையில் வழியும் மழைத் தண்ணீர்தான் அதற்குத் தோதான மென்மையான தண்ணீர். அது கிடைப்பது மாரியில் மட்டும். மாரியில்தான் வாடையும் அடிக்கும், கரண்டும் போகும். சரியான தண்ணீர் கிடைக்கும் மாதங்களில் சரியான சூடு கிடைக்காது. கரண்ட் போனால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, சோடாப் போத்தல்களில் ஊற்றி இறுக மூடி, தொட்டியில் மிதக்க விடுவோம். மணிக்கொரு தரம் இரண்டு போத்தல் மாற்றினால் இருபத்தொன்பது நிற்கும். காற்று ஊத ஒரு பற்றரி வைத்திருந்தோம்.

மீளக்குடியேறிய மூன்றாவது மாரி, மார்கழியில், அந்தச் சோடி பொரித்தது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்றுதான் வளரும். வேறு தீன் எடுக்க அவற்றுக்குச் சில நாள் செல்லும். அதுவரை பெரிய மீன்களுக்கு ஒன்றும் நடக்கக் கூடாது. ஊசிமுனை அளவு குஞ்சுகள் பெண் மீனின் விலாவில் அப்பிக் கிடப்பதைத் தம்பி தொலைபேசியில் மகளுக்கு விவரித்துக்கொண்டிருந்தான்.

குஞ்சு நீந்திய நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை விடிய, நெடுநாள் படுக்கையாய்க் கிடந்த எங்கள் ஐயா இறந்தார். அதற்கு முதல் நாளே காற்றில் மின்கம்பி அறுந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பிரேதம் எடுத்து வீடு கழுவிய பிறகுதான் அடுப்பு. அதுவரை அயல் வீடுகள் சமைத்துத் தரும். இலுப்பைக்கடவையில் இருந்து அத்தை வரவேண்டும். வீதியில் வெள்ளம் நின்றதால் அடக்கம் புதன்கிழமை நாலு மணிக்கு என்று வைத்தார்கள். ஒன்றரை நாள்.

தம்பி பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தபடி என் காதுக்குள், “அண்ணை, போத்தலை நீங்கள் பாருங்கோ. பக்கத்து வீட்டில சுடுதண்ணி கேட்டு வாங்குங்கோ” என்றான்.

நண்பகல் தொட்டி இருபத்தெட்டு. பக்கத்து வீட்டு அக்காவின் குசினியில் பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. செபமாலை சொல்ல வந்த பெண்கள் நாலைந்து பேர் சுற்றியிருந்து மரக்கறி வெட்டினார்கள்.

“என்ன தம்பி, என்ன வேணும்?” என்றார் அக்கா.

“கொஞ்சம் சுடுதண்ணி.”

“என்னத்துக்கு?”

தகப்பன் கிடக்கிறார், பிள்ளைகள் மீனுக்குச் சூடு காட்டுகிறார்கள் என்ற கதை மாலைக்குள் எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

“தேத்தண்ணிக்கு” என்றேன்.

“ஐயோ, அதுக்கேன் நீங்கள் அலையிறியள்? நாங்கள் போட்டு அனுப்பிறம். போய் ஐயாவுக்குப் பக்கத்தில இருங்கோ.”

அரை மணித்தியாலத்தில் இரண்டு பிளாஸ்க் தேநீர் வந்தது. சீனி போட்டது. மீண்டும் நான் போகவில்லை. தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டினேன். மாலை ஆறுக்கு இருபத்தாறு. புதன் காலை ஆறுக்கு இருபத்துநாலு. பெண் மீன் கறுத்துப்போய் நின்றது. குஞ்சுகள் அதை விட்டுப் பிரிந்து கண்ணாடி ஓரமாய் அலைந்தன. தம்பி என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் தலையாட்டினேன். அவன் அதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டான்.

சேமக்காலையில் கடைசிப் பிடி மண் போட்டதும் எல்லோருக்கும் முந்தி வீட்டுக்கு ஓடிவந்தேன். வீடு கழுவி அடுப்பு மூட்டியிருந்தார்கள். மணிக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று நானே புத்தகத்தில் வாசித்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். தம்பி வரும்போது வெப்பமானி இருபத்தொன்பதைக் காட்ட வேண்டும், எனக்கு வேறு எண்ணம் இல்லை. எட்டுப் போத்தலையும் ஒன்றாய் இறக்கினேன். அதுவும் போதாதென்று ஒரு சட்டி சுடுதண்ணீரை ஊற்றினேன்.

தம்பி ஈரக் காலோடு வந்து நின்றபோது பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஆண் மீன் செவுளை வேகமாய் அடித்தபடி மேலே நின்றது. குஞ்சுகள் அடியில் தூசுபோலப் படிந்திருந்தன.

“எவ்வளவில இருந்தது?”

“இருபத்துநாலு.”

“இப்ப?”

“முப்பது.”

“எவ்வளவு நேரத்தில?”

“நாப்பது நிமிசம்.”

அவன் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தான். “கொப்பியில எழுதிப் போட்டியளோ?” என்றான். நான் மிச்சப் போத்தல்களை வெளியே எடுக்கத் தொடங்கினேன். “அக்கா தரேல்லையோ?”

“நான் மீனுக்கெண்டு கேக்கேல்லை. வெக்கமாய் இருந்தது.”

“என்னைத்தானே எல்லாரும் பகிடி பண்ணுறது. எனக்கில்லாத வெக்கம் உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை?”

அடுத்த நாள் தம்பியின் மனைவி தொலைபேசி எடுத்தாள். தம்பி முற்றத்தில் கதிரையில் இருந்து பேசினான். அவன் கைபேசி சத்தமாகவே கேட்கும். முதலில் ஐயாவுக்காக அழுதாள். எந்த நேரத்தில் உயிர் போனது, ஆரார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்டாள். கடைசியில்தான் கேட்டாள்.

“குஞ்சுகள்?”

“இல்லை.”

“ஒண்டும் இல்லையோ?”

“ஆண் மீன் இருக்குது.”

“அதை மட்டும் வச்சு என்ன செய்யிறது?”

 எல்லாம் என்னால் வந்தது என்று தம்பி சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

“அப்ப நான் இந்த முறை பேர் குடுக்கேல்லை” என்றாள்.

“ஓம்” என்றான் தம்பி. “குடுக்காதை.”