பார்த்தால் அடங்கும் விசிறி

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைப் பிளான் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் ஒரு கட்டட அலுவலகத்தில் பிறர் போட்ட வரைபடங்களைத் திருத்திக் கொடுத்தவள். அந்த அலுவலகத்தை மூடியபோது அங்கிருந்த ஒரு கணினியை விலைக்குக் கேட்டு வாங்கி வந்தாள். வீட்டின் பின்னறையில் அதை வைத்துத் தனியாகத் தொழிலைத் தொடங்கினாள். "கோட்டைப் போடுறவ கோட்டை விடக் கூடாது" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வாள். உண்மையில் விட்டதுமில்லை, அந்த வியாழக்கிழமை வரை.

காலை பதினொரு மணிக்கு, அவளுக்கு வரைபட வேலை கொடுக்கும் இன்ஜினியரம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"படிக்கட்டு பீம் எங்க இருக்கணும்னு போன வாரமே சொன்னேன்ல? பழைய இடத்துலயே காட்டியிருக்கீங்க. கொத்தனார் கம்பியெல்லாம் கட்டிட்டார். நாலு மணிக்கு கான்கிரீட் லாரி வருது!"

"திருத்திட்டேனே மேடம்…" என்று சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்தாள். பீம் பழைய இடத்தில்தான் இருந்தது. சேமிக்கும்போது கணினி உறைந்து நின்றதும், அணைத்துப் போட்டதும், திறந்து பார்க்காமல் அப்படியே அனுப்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"லாரி வந்தாலும் ஊத்த விடாதீங்க மேடம். தப்பு என்மேலதான். மூணு மணிக்குள்ள சரியான பிளான் வந்துடும்."

"மூணு தாண்டிச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று வைத்துவிட்டார்.

ஒன்றரை மாதமாகவே கணினிக்கு உடம்பு சரியில்லை. சும்மா இருக்கும்போதுகூட உள்ளே விசிறி பேய் மாதிரி இரைந்தது. ஏ.சி. மெக்கானிக்கான கணவர் ஒருநாள் பெட்டியைக் கழற்றித் தூசு ஊதிப் பார்த்தார். பயனில்லை. இப்போது கோடு ஒன்றை நகர்த்தவே அரை நிமிடம் பிடித்தது. ஆத்திரம் யார் மேலாவது இறங்க வேண்டுமே. நாத்தனார் கண்ணில் பட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. பொழுது போகாவிட்டால் அந்தக் கணினியில்தான் சீட்டாடுவாள்.

"கண்ட கண்ட ஆட்டத்தையெல்லாம் நீதானே இதுல ஏத்தி வச்ச? இப்ப பாரு, என் பொழப்புலயே கை வச்சிடுச்சு!"

"நான் எதையும் ஏத்தல அண்ணி. அதுலயே இருந்த ஆட்டம்தான் அது."

"ஆமா, பெட்டி தானா கெட்டுப்போச்சு!"

நாத்தனார் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்த கணவர் வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டார்.

"இது வெயில் சூடு இல்ல. உள்ள ஏதோ வேலை நடக்குது."

"எந்த வேலையும் நடக்கலைங்க. பாருங்க" என்று ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து காட்டினாள். நூற்றுக்கு நாலு பங்கு உழைப்பு என்றது அது. விசிறியின் இரைச்சலும் மெல்ல அடங்கியது.

கணவர் அதையே உற்றுப் பார்த்தார். "மூடு அத."

மூடினாள். கொஞ்ச நேரத்தில் விசிறி மறுபடியும் இரைந்தது.

அவர் பையிலிருந்து, மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்தார். கணினிக்குப் போகும் மின்கம்பிகளில் ஒன்றைப் பிரித்து அதன் வாயில் கவ்வ வைத்தார். 0.9 ஆம்பியர். "இப்ப திற." 0.3. "மூடு." 0.9.

"பாக்கறப்ப நல்ல பிள்ளையாட்டம் இருக்கு. கண்ணத் திருப்பினா ஆட்டம் போடுது" என்றார். "எவனோ உள்ள உட்காந்திருக்கான்."

இப்படி ஒன்றைப் பற்றி எப்போதோ படித்திருந்தாள். அடுத்தவர் கணினியில் திருட்டுத்தனமாக நுழைந்து, அதன் உழைப்பில் கிரிப்டோ காசு தோண்டும் நிரல். "நம்ம அடுப்புல எவனோ சமைச்சு சாப்பிடறான்" என்றாள். கை முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கியது.

வைரஸ் தடுப்பானின் அமைப்புகளைத் துருவினாள். சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைத்த இடங்களின் பட்டியலில் ஒரு ஃபோல்டர் இருந்தது. பிரிண்டர் நிரல் போலப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் பிரிண்டரே கிடையாது. காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டு உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கிறது!

ஃபோல்டரை அழித்தாள். தொலைந்ததா என்று பார்க்க இணையக் கம்பியைத் திரும்பச் செருகி, கணினியை அணைத்து மறுபடி எழுப்பினாள். இரண்டு நிமிடம் அமைதி. பிறகு மீட்டர் ஏறியது. 0.9. அழித்த ஃபோல்டர் அதே இடத்தில் அப்படியே இருந்தது.

மணி ஒன்று இருபது.

"விட்டுடு, வேற பெட்டி எங்கயாவது கேப்போம்" என்றார் கணவர்.

"பிளான் இதுலதாங்க இருக்கு. இதிலேர்ந்து பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் இன்னொருத்தர் பெட்டிக்கும் ஒட்ட வைக்கவா?"

வேருக்குப் போனால்தான் ஆகும். அவசியமான நிரல்கள் மட்டும் எழும் சேஃப் மோடில் கணினியைத் திறந்தாள். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலை வரி வரியாகப் படித்தாள். முப்பத்தாறாவது வரியில் அதே பிரிண்டர் பெயர். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் ஃபோல்டரைத் திரும்ப உண்டாக்கு என்று அதற்குக் கட்டளை. முதலில் அந்த வேலையை நீக்கினாள். பிறகுதான் ஃபோல்டரைத் தொட்டாள். அழிக்கும் முன் அது பிறந்த தேதியைப் பார்த்தாள்.

ஏழு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, காலை பதினொன்று இருபது.

நாத்தனாருக்குப் புதன்கிழமைகளில் பகல் பணி. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது பிளான் அக்கா ஒருத்திதான். கட்டடத்தை நிஜம்போல வண்ணப் படமாக்கும் விலையுயர்ந்த மென்பொருளை, பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து அன்றுதான் இறக்கியிருந்தாள். 'தடுப்பானைச் சிறிது நேரம் அணைக்கவும்' என்று அது கேட்டது. இவளும் அணைத்தாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் முகம் செத்துப்போனது. ஆனால் அழ நேரமில்லை. அந்தத் திருட்டு மென்பொருளையும் நீக்கினாள். விலக்குப் பட்டியலைத் துடைத்துவிட்டு, கணினி முழுதாக எழும் முன்பே நடக்கும் சோதனையை ஓடவிட்டாள். சோதனை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு எறும்பாக ஊர்ந்தது. நடுவில் இன்ஜினியரம்மாவின் அழைப்பு இரண்டு முறை வந்தது. "வருது மேடம்" என்பதைத் தவிர அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. மிச்சமிருந்த இரண்டு கோப்புகளைச் சோதனை பிடித்துத் தின்றது.

இரண்டு முப்பத்தைந்து. மீட்டர் 0.3. பட்டியலை மூடியும் 0.3தான்.

பீமை நகர்த்தினாள். சேமித்தாள், மூடினாள், திறந்து பார்த்தாள். இருந்தது. உள்ளே இருந்தவன் மின்னஞ்சலின் பழைய கடவுச்சொல்லையும் பார்த்திருக்கலாம், இனி அதை நம்ப முடியாது. நாத்தனாரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"உன் போன் கொஞ்சம் வேணும்மா. என்னோடதுல நெட் கிடையாது, மெயில் பாஸ்வேர்ட மாத்தணும்… தப்பு உன்மேல இல்ல. நான்தான் திருடனுக்குக் கதவத் திறந்து விட்டேன். உன்னப் பேசினதுக்கு மன்னிச்சிடு."

நாத்தனார் போனை நீட்டினாள். "முதல்ல பிளான அனுப்புங்க அண்ணி. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. அளவுகளைத் தொலைபேசியிலும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். கொத்தனார் கம்பியை அவிழ்த்து மாற்றிக் கட்ட, லாரி முக்கால் மணி நேரம் காத்து நின்றது. கான்கிரீட் சரியான இடத்தில் விழுந்தது.

இன்ஜினியரம்மா அவளை விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த மூன்று வரைபடங்களை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைபடங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கணினியை அடியோடு துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். நாத்தனார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னறை வாசலில் வந்து நின்று, "சீட்டாட்டம் இருக்கா, அதையும் துடைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு. உட்காரு" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள் பிளான் அக்கா.