வேஷம் கலைக்காத ரதி

மாசி பிறந்தால் எங்கள் லயத்து ஒற்றையறைக் "காம்பரா"வில் தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரம் மணக்கும். இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த காலம் அது. எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி செல்வம் மாமாவுக்குத்தான் காமன் கூத்தில் எப்போதும் ரதி வேஷம்.

சிவன் எரித்த காமனுக்காக அவர் தலைவிரித்து ஆடி அழுதால், கொழுந்தெடுக்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுவார்கள். "ரதியம்மா, புள்ளைக்குத் துன்னூறு பூசிவிடுங்க" என்று குழந்தைகளை நீட்டுவார்கள்.

எனக்குப் பத்து வயதான வருஷம், கூத்து முடிந்தும் மாமா சேலையைக் கழற்றவில்லை. "இனிமே இப்படித்தான் இருப்பேங்க்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைத்தண்ணீர் விழும் "பீலி"க்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். அவருடைய அண்ணன், என் பெரிய மாமா, எல்லாரும் பார்க்க அங்கேயே வளையல்கள் நொறுங்க அடித்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அவர் முடியை அறுத்தார். திருநீறு வாங்கிய பெண்களில் ஒருத்தியும் குறுக்கே வரவில்லை. அம்மா மட்டும் ஓடிப்போய்த் தன் முந்தானையால் அவர் தலையை மூடினாள்.

அடுத்த மாசியில் தோட்டத் தலைவர் வெற்றிலையோடு வந்தார். "ஒன்னய விட்டா ரதிக்கு ஆளில்லப்பா."

"ரதின்னா கும்பிடுறீங்க, நான்னா அடிக்கிறீங்க. ரெண்டும் ஒரே ஆளுதாங்க" என்றார் மாமா. அந்த வாரமே மாத்தளை பஸ் ஏறிப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து அம்மா இறந்தபோதுதான் வந்தார், இடுப்பளவு கூந்தலோடு, செல்வியாக. "வேட்டி கட்டிக்கிட்டு உள்ள வா" என்று பெரிய மாமா வாசலை மறித்தார். வந்தவர் திரும்பி நடந்து, லயத்துக்கு முன்னால் ரோட்டில் நின்று, கூந்தலை அவிழ்த்து, அக்காவுக்காக ஆடினார். தப்படித்தவர்கள் முதலில் கையை நிறுத்தினார்கள். பிறகு அவர் காலுக்கு ஏற்ப அடிக்கத் தொடங்கினார்கள். நான் இறங்கிப் போய் முதன்முதலாக "சின்னம்மா" என்று கூப்பிட்டேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாடை தூக்குமுன் போய்விட்டார்.

இப்போது தோட்டத்தில் கூத்து இல்லை. கூத்துக்குக் காமன் கம்பம் நட்ட மேட்டில் ரிவர்ஸ்டன் பார்க்க வருகிறவர்களின் வேன்கள் நிற்கின்றன. லயத்தில் பாதி பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் கொழும்பிலிருந்து சின்னம்மாவின் தோழி ஒருத்தி பேசினாள். காய்ச்சலில் போய்விட்டாராம், அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "என்ன கட்டி அனுப்புனீங்க?"

"சேலைதான் தங்கச்சி" என்றாள்.